ஃபைல் மாப்பிள்ளை

எந்த ஊர் அரசு மருத்துவமனையானாலும், எந்தத் தனியார் கிளினிக்கானாலும், கர்ப்பிணிகளுக்கான செக்கப் நாளில் வராந்தாவில் ஃபைல் மாப்பிள்ளையைப் பார்க்கலாம். இடக்கையில் ஹெல்மெட், வலக்கையில் பிளாஸ்டிக் ஃபைல், தோளில் மனைவியின் ஹேண்ட்பேக். ஃபைலுக்குள் தாய்-சேய் நல அட்டை, ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள், ஸ்கேன் படங்கள், எதற்கும் இருக்கட்டும் என்று ஆதார் ஜெராக்ஸ் நாலு. டோக்கன் நம்பரைக் கூப்பிட்டதும் மனைவி எழுவதற்குள் இவர் வாசலில் நிற்பார். “ஜென்ட்ஸ் எல்லாம் வெளியில நில்லுங்க” என்று உள்ளேயிருந்து குரல் வரும். ஃபைலை மட்டும் உள்ளே அனுப்பிவிட்டு, சுவரில் இருக்கும் தாய்ப்பால் போஸ்டரை முதலிலிருந்து மறுபடி படிக்க ஆரம்பிப்பார். இவரைச் சோம்பேறி என்றோ பாசமில்லாதவர் என்றோ சொல்ல எனக்கு மனம் வராது. சொன்ன வேலை எதையும் தட்டாதவர். கண்ணில் பட்ட போஸ்டரையெல்லாம் படிக்கிற இந்த மனிதர் படிக்காதது ஒன்றே ஒன்று: கையில் வைத்திருக்கும் ஃபைல். கர்ப்ப காலத்தில் கணவனின் பங்கு என்ன என்று ஆயிரம் பேர் பேசுகிறார்கள். அந்த ஃபைலை அவர் பிரித்துப் படித்தாலே பாதிப் பங்கு முடிந்தது என்பது என் கட்சி.

அவருக்கு எண்களே தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது. கர்ப்பத்தைப் பதிந்ததும் தரும் பிக்மி எண்ணை மனப்பாடமாகச் சொல்வார். அது இல்லாவிட்டால் பிறப்புச் சான்றிதழ் இழுத்தடிக்கும், கர்ப்பிணிகளுக்கான முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துப் பணமும் வராது. அந்த 18,000 ரூபாயில் ரொக்கம் எவ்வளவு, ஊட்டச்சத்துப் பெட்டகம் எவ்வளவு என்று பிரித்தே சொல்வார். மனைவிக்கு ஹீமோகுளோபின் எவ்வளவு என்று கேளுங்கள். “நார்மல்னுதான் சொன்னாங்க” என்பார். அட்டையில் 9.2 என்று எழுதி, நர்ஸம்மா சிவப்பு மையில் வட்டமும் போட்டிருப்பார். கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. அதற்காகத்தான் தினம் ஒன்றாக 180 நாளைக்கு இரும்புச்சத்து மாத்திரை. ஃபைல் மாப்பிள்ளை அதையும் விட்டுக்கொடுப்பதில்லை. மாத்திரையை எடுத்துக் கையில் கொடுத்து, கசக்குமே என்று சூடாக ஒரு டீயும் வாங்கித் தருவார். டீயிலுள்ள டானின், இரும்பை உடம்பில் சரியாக ஏறவிடாது. ஆக, மாத்திரை பாட்டுக்கு உள்ளே போகிறது, 9.2 பாட்டுக்கு 9.2-விலேயே நிற்கிறது. சர்க்கரைப் பரிசோதனை நாளிலும் இதே கதை. 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, ரெண்டு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் உட்காரச் சொல்லியிருப்பார்கள். பாவம் எவ்வளவு நேரம்தான் சும்மா உட்கார்ந்திருப்பாள் என்று மனசு கேட்காமல், கேன்டீனிலிருந்து ரெண்டு மெதுவடை பொட்டலம் கட்டிக்கொண்டு வந்து நிற்பார். அன்றைய பரிசோதனை அதோடு கெட்டது. பாசத்தில் குறை சொல்ல முடியுமா?

இதெல்லாம் பொம்பளைங்க சமாச்சாரம், பெண்ணின் அம்மா பார்த்துக்கொள்வாள் என்பது பழைய வாதம். பார்த்துக்கொள்வாள்தான், வளைகாப்புக்குப் பிறகு. ஏழிலோ ஒன்பதிலோ வளையல் அடுக்கிப் பிறந்த வீட்டுக்கு அனுப்பும்வரை அந்தப் பெண் இருப்பது இவர் வீட்டில். ரத்தம் குறைவதும், காலை வாந்தியில் மாத்திரையை நிறுத்திவிடுவதும், அதை யாரும் கவனிக்காமல் விடுவதும் அங்கேதான். தவிர, ஃபைலில் சில பக்கங்கள் நேரடியாக அவரைப் பற்றியவை. மனைவிக்கு ரத்தவகை நெகட்டிவ் என்றால், அடுத்து டாக்டர் கேட்பது கணவரின் வகையை. அவருக்கு பாசிட்டிவ் என்றால்தான் ஆன்டி-டி ஊசியின் பேச்சே வரும். பிறக்கும் குழந்தையும் பாசிட்டிவ் என்றால், பிரசவத்துக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் அந்த ஊசியைப் போட்டாக வேண்டும். இந்த இடத்தில் மாமியார் யாரும் உதவ முடியாது. “ஓ பாசிட்டிவ்னு நினைக்கிறேன்” என்று இழுத்தபடி அவர் லைசன்ஸை எடுத்துப் பார்ப்பார். அதில் இருப்பது ஃபாரம் நிரப்பிய டிரைவிங் ஸ்கூல்காரரின் யூகமாகவும் இருக்கலாம்.

உள்ளேயே விடாத ஆளை எப்படிப் பொறுப்பாக்குவது என்று கேட்பவர்களிடம் நியாயம் இருக்கிறது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவ நேரத்தில் உடனிருக்க ஒரு பெண் உறவினரைத்தான் அனுமதிக்கிறார்கள். பக்கத்துக் கட்டிலில் இன்னொருத்தி வலியில் கிடக்கும்போது அது சரியும்கூட. ஆனால் பிரசவ அறை என்பது ஒரு நாள் கணக்கு. கர்ப்பம் 280 நாள் கணக்கு. வீட்டில் இருக்கும் நாளெல்லாம் ஃபைலும் அலமாரியில் சும்மாதான் கிடக்கிறது. பிரிப்பதற்கு யார் அனுமதியும் வேண்டாம். தாய்மார் இறப்பை ஆராய்ந்த செரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் இருவரும் 1994-இல் மூன்று தாமதங்களைச் சொன்னார்கள்: போகலாம் என்று முடிவெடுப்பதில் ஒன்று, போய்ச் சேருவதில் ஒன்று, சேர்ந்த பிறகு சிகிச்சை கிடைப்பதில் ஒன்று. பின்னிரண்டுக்கு சாலையும் 108 ஆம்புலன்ஸும் டாக்டரும் வேண்டும். முதலாவது நடப்பது வீட்டுக் கூடத்தில். கடுமையான தலைவலி, கண் மங்கல், முகவீக்கம் என்றால் ரத்த அழுத்தம் ஏறியிருக்கலாம், உடனே கிளம்பு என்று அட்டையில் படித்தவர் ராத்திரி பதினோரு மணிக்கு போனை எடுப்பார். படிக்காதவர் தைலம் தேய்த்துவிட்டு “காலையில பாத்துக்கலாம்” என்பார்.

ரொம்ப ஈடுபாடு காட்டினால் அதிகாரம் பண்ணத் தொடங்கிவிடுவார்கள் என்ற பயத்தைத்தான் என்னால் லேசாகத் தள்ளிவிட முடியவில்லை. தனியார் கிளினிக்குகளில் அந்த வகையறா பெருகிவிட்டது. போனில் ஆப் வைத்திருப்பார். இந்த வாரம் குழந்தை எலுமிச்சை அளவா மாங்காய் அளவா என்று சொல்லத் தெரியும். “ராத்திரி தூக்கம் வருதாம்மா?” என்று டாக்டர் அந்தப் பெண்ணைக் கேட்டால், “வருது மேடம், என்ன, லெஃப்ட் சைடுதான் படுக்க மாட்டேங்குறா” என்று பதில் எதிர் நாற்காலியிலிருந்து வரும். அவள் வாயைத் திறந்து மூடுவதோடு சரி. வீட்டில் யாராவது கை நீட்டுகிறார்களா, சாப்பாடு போடுகிறார்களா என்று அவளிடம் தனியாகக் கேட்க டாக்டருக்கு ஐந்து நிமிஷம் தேவைப்படும். அந்த ஐந்து நிமிஷமும் இவர் வெளியில் நிற்கத்தான் வேண்டும், ஆப்போடு சேர்த்து. அட்டையைப் படிக்கச் சொல்வது தெரிந்துகொள்வதற்காக. அவளுக்குப் பதிலாகப் பேசும் லைசன்ஸ் அல்ல அது.

இரண்டு வகையினரும் ஒன்றாகும் இடம், ரெண்டாவது குழந்தைக்கான ஃபைலின் கடைசிப் பக்கம்: குடும்பக் கட்டுப்பாடு. ஆணுக்குத் தழும்பு தெரியாத வாசக்டமி, வயிற்றைத் திறக்கும் பெண்ணின் ஆபரேஷனைவிடச் சுலபம். தையல் கிடையாது, அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம், அரசு தரும் ஊக்கத்தொகையும் ஆணுக்குத்தான் கூடுதல். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட திருமணமான பெண்களில், தானே ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் 37.9 சதவீதம், கணவரின் ஆபரேஷனை நம்பியிருப்பவர்கள் 0.3. நர்ஸ் அந்தப் பக்கத்தைப் பிரித்து, “ரெண்டு பேர்ல யாரு பண்ணிக்கிறீங்க?” என்று கேட்பார். பெஞ்சில் ஃபைல் கிடக்கும், ஹெல்மெட் கிடக்கும், ஆள் மட்டும் டீக்கடைக்குப் போயிருப்பார். தேடிப் பிடித்துக் கூட்டிவந்து மறுபடி கேட்டால், அதுவரை வராந்தாவைத் தாண்டாத மனுஷன் அன்றைக்கு உள்ளேயே வந்து பதில் சொல்வார்: “அவளே பண்ணிக்கிறேன்னு சொல்றா மேடம்.”