டிக் அடித்தால் புகை போகும்

இங்கிலாந்தில் 2004-இல் குடும்ப டாக்டர்களுக்குப் புதுச் சம்பள ஏற்பாடு வந்தது. வேலைக்கேற்ற மதிப்பெண், மதிப்பெண்ணுக்கேற்ற பவுண்டு. நோயாளி புகைப்பவரா என்று கேட்டுக் கம்ப்யூட்டரில் பதிந்தால் மதிப்பெண். விடச் சொன்னதாகப் பதிந்தாலும் மதிப்பெண். விட்டாரா? அதற்குக் கட்டம் கிடையாது.

முழங்கால் வலியென்று வந்தவரிடம், திரையிலிருந்து கண்ணெடுக்காமலே, "சிகரெட் உண்டா? விட்டுடுங்க, உதவி வேணும்னா சொல்லுங்க." டிக். முழங்காலை அடுத்த முறை பார்க்கலாம். (டாக்டர் ஒரு வார்த்தை சொன்னதற்கே சிலர் விட்டுவிடுகிறார்கள் என்பதும் உண்மை. அதுதான் வயிற்றெரிச்சல்.)

சிகரெட்டை நிறுத்தவைக்கும் தனி மையங்கள் இன்னும் கறார். நாலு வாரம் கழித்துக் கருவியில் ஊதச் சொல்வார்கள். கார்பன் மோனாக்சைடு 10 பிபிஎம்முக்குக் கீழே இருந்தால் 'விட்டவர்'. அந்த வாயுவோ ஒரு நாள் தம்மடிக்காமல் இருந்தாலே இறங்கிவிடும். முதல் 2 வாரத் திருட்டு தம்முக்கு மன்னிப்பும் உண்டு. கடைசி 2 வாரம்தான் கணக்கு.

ஐந்தாம் வாரம்? ஏட்டில் அவர் என்றென்றைக்கும் விட்டவர்தான். மறுபடி பற்றவைத்துவிட்டு வந்தால் இன்னும் விசேஷம்: புதுப் பதிவு போட்டு, இன்னொரு தடவை விடவைக்கலாம்.