காசைக் கட்டு ராசா, தாளை மட்டும் படிச்சுராத!

ஏலே பேராண்டி, மெல்போர்னுக்கு இங்கிலீசு படிக்கப் போறியாம்ல. இருபது வாரமாம். "குட்டிக் கோர்ஸுதான, இதுக்கு எதுக்கு இவ்வளவு விசாரணை?"ன்னு உங்கம்மைகிட்ட சலிச்சுக்கிட்டியாமே. நியாயந்தான். வெண்டைக்காய் வாங்கையில நுனியை ஒடிச்சுப் பாக்குத வம்சத்துல பொறந்தவன், லட்சக்கணக்குல பணம் கட்டுத ஒப்பந்தத்தைப் படிச்சுப் பாத்தா கௌரவம் என்னத்துக்கு ஆவும்?

நான் சப்-ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசல்ல பத்திரம் எழுதிக் காலத்தை ஓட்டுனவன். தாளைக் கண்டா கை சும்மா இருக்காது. நீ மேசையில போட்டுட்டுப் போன அந்தக் கல்லூரிக் காயிதத்தை உன் தங்கச்சி வாசிச்சு அர்த்தம் சொன்னா. எந்த இடத்துல நிறுத்தி மறுபடி வாசிக்கணும்னு நான் சொன்னேன்.

ஆஸ்திரேலியாக்காரன் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குன்னே 2000-ல ஒரு சட்டம் போட்டுருக்கான். படிப்பு தொடங்குததுக்கு முன்னால, பாதிக் கட்டணத்துக்கு மேல கொண்டான்னு கல்லூரி கேக்கப்படாது. காதுக்கு நல்லாருக்கா? உனக்குக் கிடையாதுல அது. படிப்பு 25 வாரமோ அதுக்குக் குறைச்சலோ இருந்தா, முழுசையும் முன்கூட்டியே வாங்கிக்கிடலாம்னு அதே சட்டம் சொல்லுது. ரெண்டு வருசம் படிக்கப் போறவன் பாதியைக் கொடுத்துட்டு மீதியைத் தன் கணக்குல வச்சுருக்கான். இருபது வாரத்து மகராசன் நீ, மொத்தத்தையும் நீட்டிட்டு வெறும் பையோட நிக்கப் போற. தனியார் கல்லூரியா இருந்தா, நீ வகுப்புல போயி உக்காருத வரைக்கும் அந்தப் பணத்தைத் தொடாம தனிக் கணக்குல வைக்கணும்னு ஒரு கட்டு இருக்கு. அது ஒண்ணுதான் ஆறுதல். ஆனாலும் மொத்தத்தையும் முன்னாலயே கட்டுததால, திரும்பி வாங்குத வழி என்னன்னு ரெண்டு வருசக்காரனைவிட நீதான்ல முதல்ல பாக்கணும்.

ரெண்டு சங்கதிக்குச் சட்டமே உன் பக்கம் நிக்குது. ஒண்ணு, தப்பு கல்லூரி மேல இருந்தா. சொன்ன தேதிக்கு வகுப்பு தொடங்கலை, இல்ல பாதியில கடையைச் சாத்திட்டான்னு வையி. 14 நாளுக்குள்ள மீதிப் பணத்தைக் கொடுக்கணும். இல்லாட்டி நீ சம்மதிக்கிற வேற கல்லூரியில அவன் செலவுலயே இடம் பிடிச்சுக் கொடுக்கணும். ரெண்டும் செய்யாம கைய விரிச்சான்னா, டியூஷன் ப்ரொடெக்ஷன் சர்வீஸ்னு அரசாங்கம் 2012-ல ஏற்படுத்தின ஏற்பாடு ஒண்ணு இருக்கு, அங்க போயி நிக்கலாம்.

இன்னொண்ணு, விசா கிடைக்காமப் போறது. படிப்பு தொடங்குததுக்கு முன்னாலயே விசாவை மறுத்துட்டா, கட்டுன பணத்துல நூத்துக்கு அஞ்சு, இல்ல 500 டாலர், இதுல எது கம்மியோ அதை மட்டும் பிடிச்சுக்கிட்டு மீதியை நாலு வாரத்துக்குள்ள திருப்பணும். 6,000 டாலர் கட்டிருந்தேன்னா 300 போவும், 5,700 வரும். அதுக்கு மேல பிடிச்சா ஏன்னு கேளு. ஆனா விசாவுக்குக் கட்டுன காசு போனது போனதுதான். 1,600 டாலரா இருந்ததை 2025 ஜூலையில 2,000 ஆக்கிட்டான். 'வராதே'ன்னு அவன் சொல்லுததுக்கும் அதே 2,000-தான்!

மூணாவது சங்கதிதான் உன் சங்கதி. குளிருது, சமைக்கத் தெரியலை, பக்கத்து அறைக்காரன் ராத்திரி பூரா கிதார் வாசிக்கான்னு நீயாக் கிளம்பி வந்தேன்னு வையி. அப்பப் பேசப்போறது சட்டமில்ல, நீ கையெழுத்துப் போட்ட தாளு. அதுல 'ஒண்ணும் கிடையாது'ன்னு இருந்தா ஒண்ணும் கிடையாதுதான். எத்தனை வாரத்துக்கு முன்னால சொன்னா எவ்வளவு வரும், யாருக்கு எழுதணும், எல்லாம் அதுல இருக்கணும், வெளங்குத இங்கிலீசுல இருக்கணும். அப்படி முறையான ஒப்பந்தமே போடலைன்னா சங்கதி திரும்பிரும். நீயா விலகுனாக்கூட, நடத்தாத வாரத்துக் கட்டணத்தைக் கல்லூரி கொடுத்தாகணும். பத்திரம் சரியா எழுதாதவன் தோத்தான்னு அந்த ஊர்லயும் வச்சுருக்கானே, அங்கதான் எனக்கு அந்தச் சட்டத்து மேல ஒரு மரியாதை வந்துச்சு.

இன்னொரு வரி இருக்கு, அதை மட்டும் ரெண்டு தடவை வாசி. உன்னைத் தவிர வேற யார் கைக்குத் திரும்புத பணம் போலாம்னு பேரு போடுத இடம். அங்க உங்கப்பன் பேரு இருக்கா, நம்ம ஏஜென்ட் தம்பி பேரு இருக்கான்னு பாரு. தங்கமான பையன்தான், டீ வாங்கிக் கொடுத்துத்தான் பேசுதான். அவன் தனியா வாங்குத சர்வீஸ் சார்ஜுக்கு ரசீது கேட்டியா? அதைக் கல்லூரி திருப்பாது.

உன் கூட்டாளி ஒருத்தன், டூரிஸ்ட் விசாவுலயே போயி மூணு மாசம் படிச்சுக்கிடலாம்னு சொன்னானாம். பொய்யில்ல, படிக்கலாம். ஆனா இவ்வளவு நேரம் நான் சொன்னதெல்லாம் மாணவர் விசாக்காரனுக்குத்தான். டூரிஸ்ட்டாப் போனா அந்த ஊரு பொது நுகர்வோர் சட்டத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் தொங்கணும். போன இடத்துல மாணவர் விசாவுக்கு மாறிக்கிடலாம்னு கணக்குப் போட்டா, அந்தக் கதவை 2024 ஜூலையில சாத்தியாச்சு.

போனப்புறம் சட்டதிட்டத்துக்குக் கட்டுப்பட்டு இரு. இங்கிலீசு வகுப்புக்கு நூத்துக்கு 80 வருகை வேணும். வேலை பாக்கதுன்னா படிப்பு நடக்கையில ரெண்டு வாரத்துக்கு 48 மணிநேரந்தான், அதுவும் படிப்பு தொடங்குன பொறவுதான். வீடு மாறுனா 7 நாளுக்குள்ள கல்லூரிக்குச் சொல்லணும். காலையில ஒம்பது மணிக்கு எந்திரிக்கிற ஆளு நீ, அந்த 80-ஐ நினைச்சாத்தான் எனக்கு வயித்தைக் கலக்குது.

ஒப்பந்தத்துல கிரைகோஸ் நம்பர் போட்டுருக்கானான்னு பாரு. கிரைகோஸ்ங்கிற அந்த அரசாங்கப் பட்டியல்ல அந்தக் கல்லூரியும் அதே படிப்பும் இருக்கான்னு போன்லயே தேடிரலாம். ரீல்ஸ் பாக்குத நேரத்துல பாதி போதும். பின்னால தகராறு வந்தா வாட்ஸ்அப்புல கெஞ்சிக்கிட்டு இருக்காத, கல்லூரிக்கு எழுத்துல புகார் கொடு. 10 வேலைநாளுக்குள்ள விசாரிக்க ஆரம்பிக்கணும். அதுலயும் சரியாகலைன்னா, புகாரை விசாரிக்குத அரசாங்க அதிகாரி ஆம்புட்ஸ்மேன்கிட்ட போ. வக்கீல் வேண்டாம், காசும் வேண்டாம். கையெழுத்துப் போட்ட ஒப்பந்தமும் பணம் கட்டுன ரசீதும் கேப்பான், ரெண்டையும் ஒரு நகல் எடுத்து உங்கம்மைகிட்ட கொடுத்துட்டுப் போ.