வாழ்க 1111!

பம்புக்கும் அறிவு வேண்டும் என்று முதலில் நினைத்தவருக்குக் கோயில் கட்டலாம். தண்ணீரை மேலே ஏற்றுவதோடு நிறுத்திக்கொண்ட அந்தக் காலத்துப் பம்புக்கு உலக நடப்பு என்ன தெரியும்? இணையத்தில் கோத்துவிட்டால் கண்டம் தாண்டிப் பழகுகிறது.

அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் அலிகிப்பா என்ற சின்ன ஊர். 2023 நவம்பரில் அதன் நீரேற்று நிலையத்தில் அழுத்தத்தைக் கவனிக்கும் கருவிக்குள் சில விருந்தாளிகள் நுழைந்தார்கள். ஈரானோடு தொடர்புள்ளவர்கள் என்கிறது அமெரிக்க அரசு. திரையில் கொஞ்சம் அரசியல் எழுதி வைத்தார்கள். இந்த ரகக் கருவிக்குத் தொழிற்சாலையே அப்போது இட்டு அனுப்பிய கடவுச்சொல் 1111. என்ன தொலைநோக்கு! மாற்றினால் மறக்கும், மறந்தால் ஊரே தவிக்கும். மிதியடிக்குக் கீழே சாவி வைத்தால்கூட எடுப்பவர் குனிய வேண்டும். இங்கே அந்தச் சிரமமும் இல்லை. இனி அணைகளுக்கு 2222, அணு உலைகளுக்கு 3333 என்று ஒதுக்கி, தொலைபேசிக் கையேட்டில் அச்சிட்டுவிட்டால் உலகம் ஒரே குடும்பம்.

ஊருக்குத் தண்ணீர் நின்றதா? இல்லை. ஊழியர்கள் அறிவாளிக் கருவியை அணைத்துவிட்டு, பம்பைக் கையால் இயக்கினார்கள். மனிதக் கை இன்னும் இணையத்தில் கோக்கப்படவில்லை. அந்தக் குறையையும் யாராவது சீக்கிரம் தீர்த்துவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.