நங்கநல்லூர் லீஸ் கார்களும் சங்கல்பச் சிக்கலும்: ஓர் ஆய்வு

காரை லீஸுக்கு எடுப்பதில் குறைகள் பல. கிலோமீட்டர் வரம்பு, ஜி.எஸ்.டி., நடுவில் திருப்பினால் விழும் அபராதம் ஆகியவற்றை முன்னோர் விரிவாகவே பேசிவிட்டனர் (காண்க: பால் பூத் வாய்மொழி மரபு, காலை அமர்வு). அவை வெறும் பணம் பற்றியவை ஆதலின் ஆய்வுக்கு உரியன அல்ல.

சங்கச் சான்று இல்லாத கட்டுரையை எந்தக் கருத்தரங்கும் ஏற்காது, ஆகவே பாரி. முல்லைக்குத் தேர் ஈந்தமையால் அது சொந்தத் தேர் என்பது பெறப்படும். லீஸ் தேராயின் மூன்றாம் நபருக்கு, அதிலும் ஒரு கொடிக்கு, கைமாற்ற ஒப்பந்தம் இடம் தராது. குமரிக்கண்டத்தில் லீஸ் இருந்ததா எனில், சான்றுகளைக் கடல் கொண்டுவிட்டதால் இருந்தது என்றே கொள்வது துறை வழக்கம்.

இனி வகைப்பாடு. நம்பர் பிளேட் குறை: கறுப்பில் மஞ்சள் எழுத்தென்றால் வாடகை வண்டி என்பது எதிர்வீட்டுக்கு வாசலிலிருந்தே தெரிந்துவிடும்.

நம்பிக்கைக் குறை: வீட்டை லீஸுக்கு எடுத்தால் காலி செய்யும்போது கொடுத்த லட்சங்கள் திரும்பி வரும். காரில் பணமும் போகும், காரும் போகும். இதை விளக்க முற்பட்ட மருமகன்கள் பலர் மாமனாரிடம் தோற்றுள்ளனர் (நடைப்பயிற்சி உரை, மூன்றாம் சுற்று, மாமியார் கொள்ளும் பாடம் வேறு).

மழைக் குறை: பழவந்தாங்கல் சுரங்கப்பாதையில் தண்ணீர் ஏறி, கார்கள் வேளச்சேரி மேம்பாலத்துக்குப் போனதும், சொந்தக்காரர் அடிக்கடி போய்க் காரைப் பார்ப்பார், லீஸ்காரர் வீட்டிலிருந்தே ஒப்பந்தத்தைப் பார்ப்பார்.

இவை நிற்க. தலையாய குறை சங்கல்பம் பற்றியது. 32 அடி ஆஞ்சநேயர் நிற்கும் ஊரில், பூஜை போடாத வண்டி தெருமுனை தாண்டாது. சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. பானெட்டில் சந்தனம் இட்டாயிற்று. வண்டியை ஒப்படைக்கும் நாளில் அந்தக் கறை கீறலாகக் கணக்கிடப்படுமா என்பது தனி ஆய்வேட்டுக்கு உரியது. அப்போது அர்ச்சகர் கேட்கிறார்: “யார் பேருக்கு? கோத்திரம், நட்சத்திரம் சொல்லுங்கோ.”

இங்கே அறிஞர் இரு அணியாகப் பிரிவர். பதிவுவாதிகள், ஆர்.சி.யில் உள்ள கம்பெனியின் பெயருக்கே அர்ச்சனை என்பர். 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டப்படி பதிவுச் சான்றிதழில் கண்ட தேதியே அதன் பிறந்த நாள்; பஞ்சாங்கத்தைப் புரட்டினால் நட்சத்திரம் கிடைத்துவிடும். ஆனால் சான்றிதழில் நேரம் இல்லை. அன்று பகல் பதினொரு மணிக்குப் பரணி முடிந்து கிருத்திகை பிறந்திருந்தால்? அதிகாரி கையெழுத்திட்டது காப்பிக்கு முன்பா பின்பா என்பதைப் பொறுத்துக் கம்பெனியின் நட்சத்திரமே மாறக்கூடும் (பூக்கடைத் திண்ணைச் சுவடி, இடப்பக்கம், ஈரம் பட்ட ஏடு, இதன் திருத்திய பதிப்பை நெறியாளர் பெயரை முதலில் போட்டு மாணவர் வெளியிட்டுள்ளார்).

அனுபவவாதிகள் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(30)-ஆம் பிரிவைக் காட்டுவர். லீஸ் ஒப்பந்தப்படி வண்டியைக் கையில் வைத்திருப்பவரே உரிமையாளர் என்கிறது அது. எனவே ஓட்டுகிறவர் நட்சத்திரமே செல்லும். பதிவுவாதிகள் அசரவில்லை. அதே சட்டத்தின் 51-ஆம் பிரிவு லீஸை ஆர்.சி.யில் குறிக்கச் சொல்கிறதே, அர்ச்சனைச் சீட்டிலும் அப்படிக் குறித்தால் என்ன என்றனர். இதன்மேல் எழுந்த மறுப்புக்கட்டுரைகள் ஆய்வுக்கோவையில் இடம்பெறவில்லை. எழுதியோர் பதிவுக் கட்டணம் கட்டவில்லை.

இரு கட்சிகளையும் பொறுமையாகக் கேட்ட அர்ச்சகர், வரிசையில் பின்னால் நின்ற மூன்று ஸ்கூட்டர்களைப் பார்த்துவிட்டு, “ஸ்வாமி பேருக்கே பண்ணிடறேன்” என்றார். கற்பூரம் காட்டினார், எலுமிச்சம்பழம் நசுங்கியது.

ஆய்வாளரோ நகரவில்லை. லீஸ் ஒப்பந்தத்தின் பன்னிரண்டாம் ஷரத்துப்படி, வாகனத்தில் மூன்றாம் நபர் எவருக்கும் எவ்வித உரிமையும் உண்டாக்கக் கூடாது. ஸ்வாமி மூன்றாம் நபரா என்று கேட்டுக் கம்பெனியின் கஸ்டமர் கேருக்கு மின்னஞ்சல் போயிருக்கிறது. இருபத்து நான்கு மணி நேரத்தில் பதில் தருவதாகத் தானியங்கி அஞ்சல் ஒன்று வந்துள்ளது.