யானையை வென்ற கோழி

ஸ்லோ குக்கரில் முழுக் கோழியை வைத்து ஐந்து மணி நேரமாகிறது, இன்னும் வேகவில்லை. ஒரு கோழிக்கு இத்தனை நேரமா?
– ஒரு வாசகி, திருவானைக்காவல்

யானையின் பெயரால் விளங்கும் ஊரிலிருந்து கேட்கிறீர்கள். காவிரியின் தென்கரையிலுள்ள உறையூருக்கோ, கோழியொன்று யானையைப் பொருது வென்றதென்னும் ஐதிகத்தினால், கோழியூர் என்றே ஒரு பெயர் உண்டு. யானைக்கே பணியாத பிராணி, நம் அவசரத்துக்கா பணியும்?

தொடைத் தசையைப் பிணைத்திருக்கும் கடினமான நார்கள், மந்தமான உஷ்ணத்தில் நெடுநேரம் கிடந்து, சிறிது சிறிதாகக் குழைந்து ரசமாகப் பரிணமிப்பதே இப்பாகத்தின் ரகசியமாதலால், ஆறேழு மணி நேரம் ஆவது சகஜமே. அடிக்கடி மூடியைத் திறந்து பார்ப்பீர்களென்று ஊகிக்கிறேன். திறக்குந்தோறும் சேர்ந்த வெப்பம் விரயமாகும். உறைந்த கோழியை அப்படியே இடுவது அபாயம். தொடையின் உட்புறம் 74 டிகிரி செல்சியஸை எட்டாமல், குழந்தைகளுக்கு மட்டுமல்ல, யாருக்குமே தயவுசெய்து பரிமாறாதீர்கள்.

தண்ணீர் எவ்வளவு ஊற்றுவது?
– அதே வாசகி

வேண்டியதில்லை. அடியில் வெங்காயத்தைப் பரப்புங்கள். கோழி தன் நீரிலேயே வெந்துவிடும்.