இம்போசிஷன் மாமன்னர் மெய்க்கீர்த்தி

ஸ்வஸ்திஸ்ரீ! சிவப்பு மையால் திக்விஜயம் செய்து, நாற்பது பக்க நோட்டு முதல் இருநூறு பக்க நோட்டு வரை திறை கொண்டருளிய ஸ்ரீமத் இம்போசிஷன் சக்கரவர்த்திகள் எங்கள் நைனார்பாளையம் வட்டாரத்திலும் எழுந்தருளியிருப்பது நாங்கள் முற்பிறவியில் செய்த தவம்.

மக்காச்சோளக் கொல்லையில் எந்தக் கதிர் பால் பிடித்திருக்கிறது என்று வரப்பில் நின்றபடியே சொல்லிவிடுகிற பையன் ஒருவன், ‘கொல்லை’ என்று எழுதச் சொன்னால் ‘கெலலை’ என்று எழுதினான். கொம்பு முன்னால் நிற்கும், கால் பின்னால் நிற்கும், ஓசை மட்டும் ஒன்றாக வரும். அதில் அவனுக்கு ஏதோ தடுமாற்றம். சிற்றரசர்களாயிருந்தால் ஏனென்று விசாரித்துப் பொழுதைப் போக்கியிருப்பார்கள். நம் மன்னர் கருணைக்கடல். “நூறு தடவை எழுதிட்டு வா” என்ற ஒரே திருவாக்கில் நாடியும் பார்த்து மருந்தும் கொடுத்துவிட்டார்.

1896இல் இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்றொரு மருத்துவர், கணக்கில் கெட்டிக்காரனான பெர்சி என்ற 14 வயதுப் பையன் தன் பெயரையே ‘பிரெசி’ என்று எழுதுவதைக் கண்டு, மருத்துவ இதழில் கட்டுரை எழுதி மெனக்கெட்டார். பாவம், ‘மக்கு’ என்ற மூன்றெழுத்து மந்திரம் அவருக்கு உபதேசமாகவில்லை.

இன்றும் சிலர் தட்டில் மணல் பரப்பி, ஓசையைச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதவைத்து, கொம்புக்கு ஒரு நிறம், காலுக்கு ஒரு நிறம் என்று ஒவ்வொரு பிள்ளையோடும் உட்கார்ந்து பாடுபடுகிறார்கள். திண்ணைப் பள்ளிக்கூடத்திலும் மணலில்தான் எழுதினார்களாம். அந்த அநாகரிக காலத்தையெல்லாம் நாம் தாண்டி வந்தாயிற்றே!

மன்னரின் ராஜதந்திரமும் லேசுப்பட்டதல்ல. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பிள்ளையை அடிக்காதே, மனத்தை நோகடிக்காதே என்றது. பிரம்பு முடிதுறந்தது. இவரோ ‘எழுத்துப் பயிற்சி’ என்று திருநாமம் மாற்றிக்கொண்டு அரியணையிலேயே வீற்றிருக்கிறார். 2016ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் தன் 21 வகைப் பட்டியலில் கற்றல் குறைபாட்டையும் சேர்த்தது. சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம்கூடக் கிடைக்கும். மன்னரின் நல்லாட்சியில் அதுவரை எத்தனை பேர் வந்து தொலைக்கப்போகிறார்கள்? சான்றிதழுக்கு அலைகிற பஸ் செலவும் மிச்சம்.

பையனுக்கு வருவோம். நோட்டில் மேலிருந்து கீழாக, நாற்று நடுவதுபோல் முதலில் நூறு கொம்பு நட்டான். பக்கத்து வரிசையில் நூறு ‘க’. அதற்கடுத்து நூறு ‘ல’, நூறு ‘லை’. முடிக்க ராத்திரி ஒன்பதரை ஆயிற்று. மறுநாள் மன்னர் ‘வெரி குட்’ என்று சிவப்பு மையில் திருக்கையொப்பம் இட்டருளினார்.

நூறு வரியில் ஒன்றில்கூடக் கால் இல்லை.