கம்பிமுனையில் கம்பி நீட்டிய காடி

மலாயில் தஞ்சோங் என்றால் முனை, டாவாய் என்றால் கம்பி. மெர்போக் ஆறு கடலில் சேரும் இடத்தில் இருக்கும் அந்த மீனவ ஊருக்குக் கம்பிமுனை என்று பெயர் வைத்த புண்ணியவான் வாயில் சர்க்கரை போட வேண்டும். என் காடி அங்கே போனால்தான் கம்பி நீட்டும்.

மாதத்துக்கு ஒருமுறை கருவாடு வாங்க சுங்கை பட்டாணியிலிருந்து போவோம். செமிலிங், மெர்போக் தாண்டி, இடப்பக்கம் ஆறும் வலப்பக்கம் ஜெராய் மலையுமாக அழகான பாதை. ராஜேந்திர சோழன் 1025இல் கடாரத்துக்குப் படை அனுப்பியபோது அவன் மாலுமிகளுக்கும் அந்த மலைதான் அடையாளமாக இருந்திருக்கும். அவர்கள் பாய்மரத்தில் வந்தார்கள். பெட்ரோல் பம்ப் தொல்லை இல்லை.

காடிக்கு என் மூத்த மகளைவிட இரண்டு வயது அதிகம். மகளின் வயதைச் சொன்னால் அவளுக்குக் கோபம் வரும், காடியின் கம்பெனியைச் சொன்னால் கம்பெனிக்குக் கோபம் வரும். குற்றம் இரண்டு பேரிடமும் இல்லை என்பதால் இரண்டையும் விட்டுவிடுகிறேன்.

முதல் தடவை நின்றது படகுத்துறைக்குப் பக்கத்தில், பந்தாய் மெர்டேக்காவுக்குப் படகு புறப்படும் இடத்தில். நெத்திலி, சம்பல் பெலாச்சான், பாதி காய்ந்த திருக்கை என்று மூன்று பை நிறைய வாங்கி பின்பெட்டியில் போட்டுச் சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை.

உடனே ஒரு பாச்சிக் வந்தார். "மிஞ்ஞாக் அடா?"

பெட்ரோல் இருக்கிறது என்றேன். அடுத்து வந்தவரும் அதையே கேட்டார். அரை மணி நேரத்தில் பதினோரு பேர் கேட்டார்கள். பன்னிரண்டாவது ஆள் என் மனைவி.

எஞ்சின் ஓட நெருப்பும் பெட்ரோலும் வேண்டும். எது வரவில்லை என்று முதலில் பார்க்க வேண்டும். இது எனக்குத் தெரியும், தெரிந்ததுதான் வினை. பின்பெட்டியில் பைகளுக்கு அடியில் கார்புரேட்டர் கழுவும் ஸ்பிரே இருந்தது. பைகளை இறக்கி வைத்து அதை எடுத்து, காற்று போகும் குழாயில் இரண்டு தடவை அடித்தேன். எஞ்சின் பிடித்தது. நிற்காமல் வீடு வரை வந்தது. ஆக நெருப்பு இருக்கிறது, பெட்ரோல்தான் வரவில்லை, பம்ப் போய்விட்டது என்று முடிவு கட்டினேன். பைகளை மனைவி பின்சீட்டில் ஏற்றியதை நான் கவனிக்கவில்லை. நீங்கள் கவனித்து வையுங்கள்.

அந்தக் காலத்தில் பம்ப் என்பது மறைவான பொருளாக இருந்ததில்லை. எங்கள் தோட்டத்துப் பெரிய கிராணியின் மோரிஸ் மைனரில் மின்சாரப் பம்ப். சாவியைப் போட்டதும் பல்லி மாதிரி டிக் டிக் என்று சத்தம் வரும். சத்தம் வராவிட்டால் கிராணி ஒரு ஸ்பேனரால் அதன் தலையில் தட்டுவார். உள்ளே கருகிய தொடுமுனை ஒட்டிக்கொள்ளும், பம்ப் வேலை செய்யும். தோட்டத்து ஆட்களிடமும் அவர் அதே முறையைத்தான் கையாண்டார் என்பார் அப்பா. பிறகு 1985 ஜூலையில் புரோட்டோன் சாகா வந்தது, மறு வருடம் அப்பாவும் ஒன்று வாங்கினார். அதில் பம்ப் எஞ்சினோடு ஒட்டிக்கொண்டிருக்கும். எஞ்சின் சுற்றும்போதே ஒரு நெம்புகோல் அதை அமுக்கும், உள்ளேயிருக்கும் ரப்பர் தகடு பெட்ரோலை உறிஞ்சும். கையால் தொட்டுப் பார்க்கலாம், திட்டலாம்.

என் காடி ஊசி போடும் ரகம். சுமார் 3 பார் அழுத்தத்தில் பெட்ரோல் பீய்ச்ச வேண்டும் என்பதால் பம்பைத் தொட்டிக்குள்ளேயே முக்கிவிட்டார்கள். அதைக் குளிரவைப்பதும் அந்தப் பெட்ரோல்தான். தொட்டியை வற்றவிட்டு ஓட்டுகிறவர்களின் பம்ப் சீக்கிரம் கண்ணை மூடும். நான் வற்றவிடுகிறவன். எனவே 160 வெள்ளிக்குப் புதுப் பம்ப் போட்டேன்.

அடுத்த மாதம் அதே துறை, அதே நெத்திலி, காடி அதே இடத்தில் நின்றது. இந்த முறை ஒரு மீனவர் பெட்ரோல் தொட்டியின் அடியில் சிலிப்பரால் அடிக்கச் சொன்னார். ஜாக்கி எடுக்கப் பைகளை இறக்கினோம், அடித்தோம், ஓடியது. "செருப்படிக்குத்தான் இந்தக் காலத்தில் மரியாதை" என்றாள் மனைவி. அதற்கடுத்த தடவை பேட்டரியை மாற்றிவிட்டு வந்திருந்தோம், 210 வெள்ளி. அப்போதும் நின்றது. அன்று மனைவி முனியாண்டிக்கு ஒரு சேவல் நேர்ந்துகொண்டாள். டார்ச் தேடி நான் பைகளை இறக்கிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் பிடித்தது. சேவல் வாங்கியது தனிச் செலவு.

வீட்டில் ஒருநாளும் நிற்காது. சுங்கை பட்டாணியில் ஒரு பட்டறையில் மூன்று நாள் விட்டுப் பார்த்தேன். "தவ்கே, ஏதாவது தெரிஞ்சுதா?" என்றால், "ஒன்னும் இல்லலா, நல்லா ஓடுது" என்று சிரித்தார். டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் ஓடிப்போகும் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போனதுபோல் ஆயிற்று.

கடைசியில் பீடோங் பக்கம் ஒரு வயர்மேனிடம் போனேன். முன்னாளில் தோட்டத்து லாரிகளுக்கு ஒயர் பார்த்தவர், எழுபது தாண்டியவர். காடியைத் திறக்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"நிக்கும்போது காடியில என்ன இருக்கும், தம்பி?"

"நானும் வீட்டுக்காரியும்தான், ஐயா."

"அது எல்லாருக்கும் இருக்கிற தொல்லை. பின்னால?"

"கருவாடு."

மூன்று செம்பனை உர மூட்டைகளைப் பின்பெட்டியில் தூக்கிப் போடச் சொன்னார். சாவியைத் திருப்பினேன். கம்பிமுனைக்கு வெளியே முதல் முறையாகக் காடி நின்றது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

பின்சீட்டைத் தூக்கி, பம்புக்குப் போகும் பிளக்கைக் கழற்றி மீட்டரை வைத்தார். 12.4 வோல்ட். நான் தலையாட்டினேன். "சுமை இல்லேன்னா எல்லாரும் பன்னண்டுதான் காட்டுவாங்க" என்று பிளக்கைத் திரும்ப மாட்டி, பம்பை ஓடவிட்டு, பின்னாலிருந்து ஊசியைக் குத்தி அளந்தார். 8 வோல்ட். நான்கு வோல்ட்டை வழியில் யாரோ தின்கிறார்கள். போகும் ஒயரைச் சோதித்தார், சுத்தம். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறு முனையைப் பம்பின் எர்த்திலும் வைத்தார். நாலு வோல்ட்டும் அங்கே உட்கார்ந்திருந்தது. பம்ப் இழுப்பது சுமார் 5 ஆம்பியர். ஒரு ஓம்கூட வேண்டாம், அதற்குக் குறைந்த தடையே அந்த நாலு வோல்ட்டைத் தின்றுவிடும்.

பின்பெட்டிக் கம்பளத்தைப் புரட்டினார். எர்த் ஒயரைத் தகரத்தோடு சேர்க்கும் போல்ட்டைச் சுற்றிப் பச்சைக் களிம்பு. ஒயருக்குள் நாலைந்து இழைதான் மிச்சம். மேலே மூட்டை அழுத்தினால் அதுவும் பிரியும், இறக்கினால் சேரும். பெரியவர் விரலால் தொட்டு மோந்து பார்த்தார்.

"திருக்கை" என்றார்.

பாதி காய்ந்த மீனிலிருந்து வருடக்கணக்காக உப்புத் தண்ணீர் சொட்டியிருக்கிறது. தஞ்சோங் டாவாயில் மீனைத்தான் உப்பில் போடுவார்கள், நான் காடியையே போட்டிருக்கிறேன். சுங்கை பத்துவில் ஒரு காலத்தில் இரும்பை உருக்கிக் கப்பலேற்றிய மண் இது. அனுப்பிய இரும்பை இப்படித் துருவாகத் திரும்ப வாங்கிக்கொள்கிறதோ என்னவோ.

களிம்பைச் சுரண்டி, தகரத்தைப் பளபளப்பாக்கி, புது ஒயர் வைத்து, மேலே கிரீஸ் பூசினார். பத்து வெள்ளி நீட்டினேன். ஐந்தை எடுத்துக்கொண்டு, "பழைய பம்பை எறிஞ்சிடல இல்ல? அது நல்ல பம்ப்" என்றார். எறிந்துவிட்டேன்.

போன மாதம் மறுபடி போனோம். வாங்கிய பையைத் தூக்கிக்கொண்டு மனைவி பின்பெட்டிப் பக்கம் நடந்தாள்.

"அங்க வேண்டாம்."

"பின்ன எங்கங்க வைக்கிறது?"

"மடியில."

சாவியைத் திருப்பினேன், பிடித்தது. மெர்போக் வரை அவள் ஒன்றும் சொல்லவில்லை. செமிலிங் வரும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலை இறக்கச் சுவிட்சை அழுத்தினாள். ஜன்னல் இறங்கவில்லை.